லீவுக்கு உண்மையான காரணம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பார்சல் ஆபீசுக்கு நான் மேனேஜர். என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேருக்கு எதற்கு மேனேஜர் என்று என் மனைவி கேட்பாள். அவளுக்கு நிர்வாகம் புரியாது.

ஊழியர் ஒருவருடைய தாத்தா மூன்றாவது முறை காலமான அன்று என் பொறுமை போய்விட்டது. எல்லோரையும் நிற்க வைத்து நேர்மையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். இனி உண்மையைச் சொன்னால் லீவு உண்டு, என்ன காரணமாக இருந்தாலும் சரி என்று வாக்கும் கொடுத்தேன். பேசியது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த வாரமே மண்டல அதிகாரி போன் செய்தார். கோட்டைக் குரங்குகள் வந்து பார்சலைக் கிழிக்கும் தொல்லை எங்கள் ஆபீசில் அடியோடு நின்றிருந்தது. வாசலில் ஒரு புலி பொம்மை உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

“நல்ல ஐடியாயா. யாரோடது?” என்றார்.

“என்னோடதுதான் சார்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொம்மையைத் தன் வீட்டிலிருந்து தூக்கி வந்து வைத்த புக்கிங் கிளார்க் அம்மா பக்கத்துச் சீட்டில்தான் இருந்தார்.

மறுநாள் காலை வாட்ஸப்பில் அவருடைய லீவு லெட்டர் வந்தது: “என் புலியை மேனேஜர் தன் புலி என்று சொன்னார். இன்று அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு நாள் விடுப்பு வேண்டும்.”

லீவுக் காரணத்தை நான்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அது நேராக மண்டல அதிகாரிக்குப் போகும். அந்தம்மாவுக்குப் போன் போட்டேன்.

“தலைவலின்னு போட்டுக்கட்டுமாம்மா?”

“எனக்கு இன்னா சார் தலைவலி? நல்லாத்தான் இருக்குறேன். பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

லீவு கொடுக்காவிட்டால் வாக்கு போச்சு, கொடுத்தால் மானம் போச்சு. புலியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கடைசியில் அவர் எழுதியதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் ஏற்றினேன். அனுமதிப்பவரின் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் ‘காரணம் உண்மை’ என்று போட்டேன்.

அடுத்த நாள் அவர் வேலைக்கு வந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. போன் அடித்தது. மண்டல அதிகாரியின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது.

“ஏன்யா, ஒரு பொம்மைகூடவா உன்னோடது இல்ல?”

“இல்ல சார். அது இந்தம்மாவோடது. நான் பொய் சொன்னேன்.”

அவர் பட்டென்று வைத்துவிட்டார். அந்தம்மா ரசீது எழுதிக்கொண்டே சொன்னார்: “இனிமே யாராவது கேட்டா நம்ம புலின்னு சொல்லுங்க சார்.”