ஓல்ஷினாவில் நிற்காமல் போன வண்டி

லூமிர் கொசாக்கை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். யிஹ்லவாவில் ஒரு பம்புத் தொழிற்சாலையின் கிடங்கில் வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சங்கு ஊதியதும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். ஞாயிறு சாயங்காலம் வரை ரயில், இறங்கினால் காடு, காட்டை விட்டு வெளியே வந்தால் இன்னொரு ரயில். போன வழியில் திரும்பி வரமாட்டார். ஒரு கிளைப்பாதையின் கடைசியில் இறங்கி, நடப்பவர்களுக்கு வழி காட்ட மரங்களில் பூசியிருக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டையைப் பார்த்துக்கொண்டே மலையைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கத்துப் பாதையில் வண்டி ஏறுவார். பையில் மடித்த ரயில் வரைபடம் ஒன்று இருக்கும். போய் வந்த பாதைக்கெல்லாம் பச்சைப் பென்சில் தீட்டியிருப்பார். நடுவில் கண் அசந்துவிட்டால் அந்தத் துண்டு சேராது, இன்னொரு நாள் வந்து விழித்திருந்து போக வேண்டும். இந்தச் சட்டத்தை யாரய்யா போட்டது என்று ஒருமுறை கேட்டேன்.

"நான்தான்," என்றார். நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து நிறைவேற்றியது மாதிரி முகம்.

நான் விளாஸ்தா. டோப்ரூவ்காவிலிருந்து ஸாலெஸி வரை போகும் ஒற்றைப் பெட்டி ரயிலில் கண்டக்டராக இருந்தேன். டிரைவர் ப்ரோகோப். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்குக்கூட இரவில் ஓய்வு உண்டு. ரயில் பைத்தியங்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு அதுவும் கிடையாது என்று ப்ரோகோப் சொல்வான். ஆனால் லூமிரை எங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்கும். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஓல்ஷினா என்பது காட்டுக்குள் ஒரு நிறுத்தம். ஒரு சிமெண்டு மேடை, ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெயர்ப்பலகை. விளக்கு கிடையாது. மேடையில் யாராவது நின்று கை காட்டினால் வண்டி நிற்கும். அல்லது உள்ளே இருப்பவர் யாராவது பட்டனை அமுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வண்டி தன்பாட்டுக்குப் போய்விடும். லூமிர் மேடையில் நிற்கவே மாட்டார். கொஞ்சம் முன்னால், பாறையை வெட்டிய இடத்திலிருந்து வண்டி வெளியே வரும் வளைவில், கரைமேல் ஏறி நின்று ஒரு படம் எடுப்பார். எடுத்த கையோடு சரிவில் உருண்டு புரண்டு மேடைக்கு ஓடி வருவார். ப்ரோகோப் திட்டிக்கொண்டே நிறுத்திக் காத்திருப்பான்.

"ஏறித் தொலைய்யா! உனக்குன்னு தனி டைம்டேபிள் போடச் சொல்றேன்."

"மன்னிச்சுக்கோ தம்பி, வெளிச்சம் நல்லா விழுந்துச்சு."

இருபத்திரண்டு வருடம் இப்படிச் செல்லம் கொடுத்துக் கெடுத்தோம். அதை இப்போதே ஒத்துக்கொள்கிறேன்.

அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதே எங்கள் பாதையின் கடைசி நாளில்தான் எனக்குத் தெரிந்தது. இனிமேல் சொல்லப்போவது பாதி அவள் வாயாலும் பாதி அவர் வாயாலும் கேட்டது.

மூன்று வருடத்துக்கு முன் இலையுதிர் காலத்தில் அவர் மனைவி யித்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. நன்றாகத் தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வாரக் கடைசியில் எங்கோ வடக்கே ஒரு பாதையை மூடுகிறார்கள் என்று லூமிர் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார். அவளே துரத்திவிட்டாள். "போயிட்டு வா. வீட்ல இருந்தா ஜன்னலயே வெறிச்சுப் பாத்துட்டு என் உயிர எடுப்ப. சோத்த மூடி வைக்கிறேன்." சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு மூச்சு முட்டியது. மகள் ராத்கா பதினாலு தடவை போன் செய்தாள். கேமரா போதாமல் இவர் போனிலும் படம் எடுப்பார், அதற்குப் பேட்டரி வேண்டுமென்று போனை அணைத்து வைத்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அடுப்பின் மேல் கறியும் மாவுருண்டையும் தட்டுப் போட்டு மூடியிருந்தன. வீட்டில் யாரும் இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு ராத்கா அவரோடு பேசவில்லை. பிர்னோவுக்குப் போய்விட்டாள். இவர் கடிதம் போட்டால் பதில் இல்லை. மனிதர் என்ன செய்தார்? முன்னைவிட அதிகமாக ரயில் ஏறினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்கு அதையும் தாண்டியது.

யித்காவின் சொந்த ஊர் ஸாலெஸி. அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். இந்த வருடம் எங்கள் பாதையை அக்டோபர் கடைசி ஞாயிறோடு மூடுவதென்று மேலே முடிவானது. பஸ் விட்டுவிட்டார்களாம், ரயில் எதற்கு என்று கேள்வி. கல்லறைத் திருநாளுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. லூமிர் மகளுக்கு எழுதினார்: அம்மா ஊருக்குப் போகும் கடைசி வண்டியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய் விளக்கு வைக்கலாமா? இந்தத் தடவை பதில் வந்தது. "மூன்று நாற்பது வண்டியில் டோப்ரூவ்காவில் ஏறுகிறேன். வண்டியில் நீங்கள் இல்லையென்றால் இனி எழுத வேண்டாம்."

புத்தி உள்ளவன் டோப்ரூவ்காவுக்குக் காலையிலேயே போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். இவர் ஓல்ஷினாவில் ஏறிக்கொள்வதாக எழுதினார். சனிக்கிழமை மூன்று பாதை ரயிலில் போய், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் படுத்து, ஞாயிறு காலை காட்டு வழியாகப் பதினேழு கிலோமீட்டர் நடந்தார். தாமதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓல்ஷினா மேடைக்கு வந்துவிட்டார். தலை சீவிக்கொண்டாராம். யித்காவுக்கு வாங்கிய மெழுகுவர்த்தியைப் பையில் மேலாக எடுத்து வைத்தாராம், சிவப்புக் கண்ணாடிக் கூண்டு போட்டது. பிறகு சூரியன் தாழ்ந்து அந்தப் பாறை வெட்டு பொன்னாக மின்னியது. ஒரே ஒரு படம் என்று கரைமேல் ஏறினார்.

கடைசி நாளில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? வண்டி முகப்பில் தேவதாரு மலர்வளையம், கறுப்பு நாடா. ஜன்னலில் மனிதருக்கு ஒட்டுவது போலவே மரண அறிவிப்பு: நூற்றுப் பதினெட்டு வயதில் காலமானது என்று. உள்ளே பியர் பாட்டிலோடு நிற்க இடமில்லாத கூட்டம். வழியெங்கும் கேமராவோடு ஆட்கள். ஓல்ஷினாக் கரையில் மட்டும் முப்பது பேர், முப்பது பேரும் கையை ஆட்டினார்கள். ப்ரோகோப்பும் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாருக்குமாகச் சேர்த்து ஹாரன் அடித்தான். அந்தக் கூட்டத்தில் லூமிரை நான் பார்த்தேன். "நம்ம பைத்தியமும் வந்திருக்கு பாரு," என்று சிரித்தேன். காலையிலேயே ஒரு சுற்றுப் போய் வந்திருப்பார், இப்போது படத்துக்கு நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன். மேடையில் ஒருவரும் இல்லை. வண்டி நிற்கவில்லை.

கதவோரத்தில் ஒரு பெண் மடியில் செவ்வந்திப் பூத்தொட்டியோடு உட்கார்ந்திருந்தாள். டோப்ரூவ்காவில் ஏறியதுமே என்னிடம், "ஓல்ஷினால நிக்குமா மேடம்?" என்று கேட்டவள்.

"கை காட்டினா நிக்கும்மா. இல்ல, பட்டன அமுக்கணும்."

"அது தெரியும்," என்றிருந்தாள்.

ஓல்ஷினா கடந்ததும் பார்த்தேன். அவள் விரல் அந்தப் பட்டன் மேலேயே இருந்தது. அமுக்காமல் வைத்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது.

"என்னம்மா ஆச்சு? அங்க இறங்கணுமா?"

"அங்க ஒருத்தர் ஏறணும். எங்கப்பா."

"யாரு, லூமிரா? அட பாவி மனுஷா! பட்டன்ல கைய வச்சுக்கிட்டு ஏன்மா சும்மா இருந்த?"

"அவர் முகத்துல கேமரா இருந்துச்சு," என்றாள். "நான் இந்த ஜன்னல்ல இருக்கேன். அவர் வண்டியத்தான் பாத்தாரு."



அங்கே லூமிர் சரிவில் ஓடி வந்து மேடையில் ஏறியபோது வண்டியின் பின்விளக்குத்தான் தெரிந்தது. கத்தினார். தண்டவாளத்தில் இறங்கிப் பின்னால் ஓடினார். நாற்பது வருடமாக மற்றவர்களுக்கு "பாதைமேல நடக்காதீங்க" என்று பாடம் எடுத்தவர், அறுபத்தோரு வயதில் கட்டை கட்டையாகத் தாவி ஓடியிருக்கிறார். இருநூறு மீட்டரில் கால் இடறி விழுந்தார். முட்டி கிழிந்தது. திரும்பி நொண்டிக்கொண்டு வருவதற்குள் கரைமேல் இருந்த முப்பது பேரும் அடுத்த வளைவில் வண்டியை முந்திப் படம் எடுக்கக் காரில் பறந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்திருந்தால்கூட ஸாலெஸிக்குப் போயிருக்கலாம். மகளைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தார். காலையிலிருந்து படம் எடுத்து எடுத்து அது செத்துக் கிடந்தது. அன்று மகள் பதினாலு தடவை கூப்பிட்டது நினைவுக்கு வந்து, தகரக் கொட்டகையில் தலையை முட்டிக்கொண்டேன் என்று அவரே சொன்னார்.

ஸாலெஸிக்கு ஒன்பது கிலோமீட்டர். அந்த முட்டியோடு நடந்தால் இரண்டரை மணி நேரம். வண்டியோ ஐந்து மணிக்கு அங்கிருந்து திரும்பிவிடும். அதே ஐந்து மணிக்கு ஸ்டேஷன் வாசலிலிருந்து பிர்னோவுக்கு நேராகப் போகும் பஸ் ஒன்று உண்டு. ராத்கா அதில் போய்விட்டால் முடிந்தது. இந்த ஜென்மத்தில் இனி மகள் இல்லை. ரயிலில் திரும்பினாலும் ஓல்ஷினாவில் ரயில் ஏன் நிற்க வேண்டும்? அன்றுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய நாள். ஐந்தே காலுக்குக் கும்மிருட்டு. டார்ச்சும் போனில்தான். மேடையில் கறுப்புக் கோட்டோடு நிற்கும் கிழவனை ப்ரோகோப்பின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஒன்றேகால் மணி நேரம் அவர் அந்த மேடையின் விளிம்பைவிட்டு நகரவில்லை. கேமரா கொட்டகைக்குள் கிடந்தது. "யித்கா, அவள அனுப்பிவை," என்று சத்தமாகச் சொன்னாராம், கோவிலுக்கே போகாத மனிதர்.

ஸாலெஸியில் ராத்கா பூத்தொட்டியோடு இறங்கிப் போனாள். கல்லறைத் தோட்டம் ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே. ஊர்த்தலைவர் பேசினார், பித்தளை வாத்தியம் வாசித்தார்கள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பஸ் இஞ்சினை உறும விட்டுக்கொண்டு நின்றது. மணி ஐந்து. அவளைக் காணவில்லை.

"விளாஸ்தாக்கா, கிளம்பலாமா?" என்றான் ப்ரோகோப்.

"ஒரு நிமிஷம் இருடா."

"நூத்திப் பதினெட்டு வருஷம் நேரத்துக்குப் போன வண்டி..."

"வாய மூடிட்டு இரு!"

பஸ் போய்விட்டது. அதில் யார் ஏறினார்கள் என்று கூட்டத்தில் தெரியவில்லை. இரண்டு நிமிடம் தாமதமாக விசில் ஊதினேன். திரும்பும்போதும் பெட்டி நிறைந்திருந்தது, பாட்டும் கூத்துமாக. டிக்கெட் பார்க்கிற சாக்கில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். பாதிப் பெட்டியைக்கூடத் தாண்டவில்லை, ஓல்ஷினாவுக்கு முந்தைய வளைவை நெருங்கும்போது டிரைவர் அறையில் மணி அடித்தது. யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள்.

ப்ரோகோப் பிரேக்கைத் தொட்டான். வளைவு திரும்பியதும், "ஐயோ, சிவப்பு!" என்று அலறிவிட்டு முழு பிரேக்கையும் போட்டான். பாட்டு நின்றது, பாட்டில்கள் உருண்டன. இருட்டில், மேடை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சிவப்பு வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

லூமிர்தான். காட்டில் சாசேஜ் சுட வைத்திருந்த லைட்டரால் மனைவியின் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். ஆபத்து இல்லாமல் ரயிலுக்குச் சிவப்பு காட்டுவது குற்றம் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சிவப்பால்தான் வண்டி நின்றது என்று ப்ரோகோப் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். மணி அதற்கு முன்னாலேயே அடித்தது என்பது எனக்குத் தெரியும்.

கதவைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். ராத்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள்.

"ஏறுங்க," என்றாள்.

அவர் ஏறவில்லை. "ராத்கா, நான் அங்க மேல... ஒரே ஒரு படம்னு..."

"பாத்தேன்."

"இறங்கிடலாம்னுதான்..."

"பாத்தேன்ப்பா. ஏறுங்க."

எரியும் மெழுகுவர்த்தியோடு வண்டியில் ஏறக் கூடாது. நான் ஒதுங்கி வழி விட்டேன். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். ஜன்னலோர இடம். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகளைப் பார்த்து உட்கார்ந்தார். முட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. கையிலிருந்த கூண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அம்மாவப் பாத்தியா?"

"பாத்தேன். விளக்கு வச்சேன். நீங்க லேட்டா வருவீங்கன்னு சொன்னேன்."

அவர் கூண்டுக்குள் ஆடும் தீயைப் பார்த்தார். பிறகு, "என்ன சொன்னா?" என்றார், சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி.

ராத்கா பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ரொட்டிக்கு நடுவில் வறுத்த இறைச்சி வைத்தது, பயணத்துக்கு எல்லாரும் கட்டிக்கொண்டு வருவது. அதை அவர் மடியில் வைத்தாள்.

"என்ன சொல்வாங்க? மூடி வைக்கச் சொன்னாங்க."

அவர் அதைப் பிரிக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். நான் டிக்கெட் கேட்கவில்லை.