மிஸ்கீனுக்குப் பிடிக்காத கை

கையை நீட்டுவதற்கு முன்னால் சுபைதா லாத்தா அதை ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துக்கொள்வார். பிறகு சேலைத் தலைப்பில் துடைப்பார். மறுபடியும் மோந்து பார்ப்பார். அப்புறம்தான் அந்தக் கை, மாங்காய் திருடப் போகிறவன் நடையில் பைய நகர்ந்து, வாசல்படியில் குந்தியிருக்கும் பூனையை நோக்கிப் போகும். பூனை ஓடாது. கை கிட்ட வருகிறவரை மரியாதையாகக் காத்திருக்கும். இன்னும் ஒரு சாண்தான் பாக்கி என்கிறபோது எழுந்து, சோம்பல் முறித்து, அந்தாண்டை போய் உட்கார்ந்துகொள்ளும்.

"சரி, இன்னைக்கு மனசில்ல போல" என்று லாத்தா கையை வாங்கிக்கொள்வார். நாளைக்கும் இதே கதைதான்.

லாத்தா என்றால் அக்கா. மேலப்பாளையத்தில் அவர் குடியிருக்கும் சந்தில் பல்லு விழுந்தவர்களுக்கும் பல்லு முளைக்காதவர்களுக்கும் அவர் லாத்தாதான். தொழில், பீடி சுற்றுவது. மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலை, ஓரத்தில் புகையிலைத் தூள். விரல்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கண் தெருவில் இருக்கும். யார் வீட்டு மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறான், யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டை விட்டது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சுளகைப் பார்த்தே ஆகவேண்டிய அவசியம் வந்ததில்லை.

பீடியைக் கட்டுக் கட்டாகக் கடைக்குக் கொண்டு போகும்போது, கோணல்மாணலாக வந்ததைக் கட்டின் வயிற்றுக்குள் ஒளிப்பது ஊர் வழக்கம். லாத்தா அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பார். பீடிக்கடையில் சரிபார்த்து வாங்குகிற செக்கர் அகமது மீரானுக்கு இது பெரிய மனவருத்தம்.

"ஏன் லாத்தா, கழிக்கது என் வேலைலா? அதையும் நீங்களே செஞ்சுட்டா கம்பெனிக்காரன் எனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்கான்?"

"தேடித் தேடி உங்க கண்ணு வலிக்கக் கூடாதுலா தம்பி, அதுக்குத்தான்."

பூனைக்குப் பெயர் மிஸ்கீன். ஏழை பாழை, கதியத்தவன் என்று அர்த்தம். மழையில் நனைந்த குட்டியாக வந்து நின்ற அன்றைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. இப்போதோ, ஜமாபந்திக்கு வந்த தாசில்தாரைப் போல வீட்டைச் சுற்றிப் பார்வையிட்டுக்கொண்டு திரிகிறது. சோறு வைத்தால் சாப்பிடும். பால் வைத்தால் குடிக்கும். தொட மட்டும் விடாது.

எல்லாம் புகையிலை வாடை என்று சந்து முடிவு கட்டிவிட்டது. "காலையில இருந்து தூள்லயே கெடக்குற கை. மனுசனுக்கே தும்மல் வருது, பூனைக்கு வராதா?" லாத்தாவின் வீட்டுக்காரர் முகம்மது மைதீன் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவரையும்தான் மிஸ்கீன் தொட விடுவதில்லை. அது கிரீஸ் வாடையாம். லாத்தா இந்தத் தீர்ப்பை மனதார ஏற்றுக்கொண்டார். குற்றம் கையில் இருந்தால் கையைக் கழுவிக்கொள்ளலாம் பாருங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஏர்வாடியில் வாக்கப்பட்ட நாத்தனார் ஜுலைகா ஒரு நாள் வந்தாள். கல்யாணமாகி மாப்பிள்ளை சவூதியில் இருக்கும் தம்மாமுக்குப் பிளேன் ஏறியதிலிருந்து, அவன் பேசிப் பதிந்து அனுப்பும் கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டு அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறவள். அவன் குரல் முடிந்ததும் எலிகள் ஆரம்பித்துவிடும். அவளுக்கு ஒரு பூனை தேவைப்பட்டது. மிஸ்கீனைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

"பூனைன்னா மடியில கெடக்கணும் மைனி. தடவுனா கர்ர்னு சத்தம் போடணும். இது என்னன்னா லாட்ஜுல ரூம் போட்டவன் மாதிரி வருது, திங்குது, போவுது. உங்க கைக்கே அடங்காதது எப்படி உங்க பூனை? எங்கிட்ட குடுங்க, நான் பழக்கிக் காட்டுதேன்."

"குடுத்துரேன் ளா" என்றார் மைதீன். "அவளும் ஒத்தையிலதான கெடக்கா."

லாத்தா பீடி கட்டிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அடுத்த தடவை நீ வரும்போது உம் முன்னாலயே தொடுதேன். அது எந்திரிச்சுப் போவாம இருந்தா எம் பூனை. எந்திரிச்சுப் போச்சுன்னா நீ தூக்கிட்டுப் போ."

சொல்லிவிட்டு அவர் சுற்றிய அடுத்த பீடி இலை கிழிந்து தூள் கொட்டியது. அடுத்ததும் அப்படித்தான். சொன்ன சொல்லை லாத்தா மாற்றியதாகச் சந்தில் சரித்திரம் கிடையாது. அதை மைதீன் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே வடக்கே லாரிக்காரர்கள் ஓட்ட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இலை வரவில்லை. சுளகுகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அடுப்பில் எதைப் போட்டு எதைக் கிண்டுவது என்று சந்து முழுக்கக் கவலை. லாத்தா வீட்டிலும் அதே கவலைதான். ஆனாலும் அந்தக் கவலைக்கு நடுவே வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் அவர் முகத்தில் எட்டிப் பார்த்தது. தூள் இல்லை, ஆகவே வாடையும் போய்விடும் அல்லவா?

கைக்கு வைத்தியம் ஆரம்பமானது. காலையில் பாளையங்கால்வாயில் மணலைப் போட்டுத் தேய்த்தார். மத்தியானம் புளி. சாயங்காலம் எலுமிச்சைத் தோல். நகக்கண்ணில் வேப்பங்குச்சி. விரல் நுனி சிவந்து, தோல் உரிய ஆரம்பித்தது.

"ஏளா, இன்னும் ரெண்டு நாள் தேச்சா எலும்புதான் மிஞ்சும்" என்றார் மைதீன். "செய். பூனைக்கும் அதான் பிடிக்கும்."

அடுத்த வீட்டுப் பாத்துமுத்து குறுக்கு வழி சொன்னாள். "ஒரு சாளைமீனை எடுத்து உள்ளங்கையில தடவிட்டு நீட்டுங்க லாத்தா. நக்கிக்கிட்டு அங்கனயே நிக்கும். ஜுலைகாவும் வாயை மூடிட்டுப் போயிருவா."

"அது மீனுக்குலா நிக்கும்? எனக்குல்ல நிக்கணும்."

"அவளுக்கு எப்படி லாத்தா தெரியும்?"

"எனக்குத் தெரியுமே ளா."

பாத்துமுத்து தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். மேலே வைத்த கோணல் பீடியைப் பார்த்து அகமது மீரானும் இதே மாதிரிதான் அடித்துக்கொள்வார்.

ஜுலைகா வந்தாள். கையில் மூடி போட்ட ஓலைக்கூடை. உள்ளே மெத்தென்று பழைய துண்டு விரித்திருந்தாள். பாவம், ஆசையோடுதான் வந்திருக்கிறாள். லாத்தா வாசலுக்கு முதுகு காட்டி நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே மிஸ்கீன். மைதீன் கடைக்குப் போகாமல் நின்றார். பாத்துமுத்து வாசலை மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கை போனது. ஒரு சாண் வந்தது. மிஸ்கீன் எழவில்லை. அரைச் சாண். எழவில்லை. இரண்டு காதுக்கும் நடுவே விரல் பட்டது. எத்தனையோ நாளாகக் காத்திருந்த விரல், பஞ்சைத் தொடுகிற மாதிரி ஒரு தரம் தடவியது. மிஸ்கீன் காதை மடித்தது. வாலை இப்படி ஒரு வீச்சு, அப்படி ஒரு வீச்சு. எழுந்தது. போய் பீரோ ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

லாத்தா கையை முகர்ந்தார். எலுமிச்சை வாசம் மட்டும்தான். புகையிலையைச் சாக்குச் சொல்ல இனி வழியில்லை.

"கையில குத்தமில்ல" என்றார். "சரி ஜுலைகா. கூடையைத் தொற."

இரண்டு கையையும் மடிக்குள் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டார்.

பிடிக்கிற படலம் தொடங்கியது. ஜுலைகா இந்தப் பக்கம், மைதீன் அந்தப் பக்கம், வாசலில் பாத்துமுத்து தலையணை உறையை விரித்துக்கொண்டு. மிஸ்கீன் பீரோ மேலே ஏறியது. கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது. அலமாரியில் இருந்த டம்ளர்களை வரிசையாக உருட்டிவிட்டது. "அங்கன போவுது, மறிங்க!" "வாலைப் பிடிக்காதீங்க அண்ணே, கடிச்சிரும்!" எந்தத் திசைக்கு ஓடினாலும் எதிரே ஒரு ஜோடிக் கை. நீட்டிய கை இல்லாத ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். மிஸ்கீன் நேரே வந்து லாத்தாவின் பின்னால் உட்கார்ந்து, தன் முதுகை அவர் முதுகோடு சேர்த்துச் சாய்த்துக்கொண்டது.

ஜுலைகா குனிந்து கையைக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தினாள்.

"மைனி, சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

"உங்க முதுகுல."

லாத்தா அசையாமல் கொஞ்ச நேரம் கவனித்தார். "கேக்கல" என்றார் மெதுவாக. "அதிருது."

மைதீன் தூக்கிய கையைக் கீழே போட்டார். ஜுலைகா அங்கேயே தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்கீன் கண்ணை மூடிக்கொண்டது. தடவுகிற கை ஒன்றும் அங்கே இல்லை. இருந்தும் அந்தக் கர்ர் நிற்கவில்லை.

"களவாணி" என்றாள் ஜுலைகா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், மூக்கை மட்டும் ஒரு தரம் உறிஞ்சினாள். "நான் கேட்டது மடியில கெடக்குற பூனை. முதுகுல சாயுற பூனை எனக்குத் தோதுப்படாது."

"நான் சொன்ன சொல்லு..."

"உங்க சொல்லு அங்கனயே நிக்குது மைனி. நீங்க குடுத்துட்டிய. நான்தான் வேணாங்கேன்."

கூடையை மூடினாள். ஏர்வாடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாத்தனார் புறப்படும்போது சந்து முனைவரை கூடப் போய் வழியனுப்பாத மைனியைப் பற்றி மேலப்பாளையத்தில் வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

"ஏளா, எந்திரி" என்றார் மைதீன். "புள்ளை கெளம்புதா பாரு."

பாத்துமுத்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். சுபைதா லாத்தா எழவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. முதுகு துளி அசையாமல், வலது கையை மட்டும் தோள்வரை தூக்கி, எதிரே இருந்த சுவரைப் பார்த்து "போய்ட்டு வா ஜுலைகா" என்று ஆட்டினார்.