ஹாரன் மாஸ்டர் வீட்டு ஹை டென்ஷன்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் காலடியில். நம்முடைய மாஸ்டருக்கு மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அது அவருடைய தொண்டை. அவர் ஒரு அதட்டுப் போட்டால் ஓட்டுகிறவர் மட்டுமல்ல, எதிரே வருகிற லாரிக்காரரே ஒரு கணம் தயங்குவார். அந்தக் காரின் நிஜ ஹாரன் தொட ஆளில்லாமல் தூசி பிடித்துக் கிடந்தது. ஊரில் அவருக்கு ‘ஹாரன் மாஸ்டர்’ என்று பெயர் விழுந்ததில் என்ன ஆச்சரியம்?

நல்ல மனிதர்தான், குறை சொல்லிவிடக் கூடாது. அவரிடம் படித்தவர்கள் யாரும் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டியதாகச் சரித்திரம் கிடையாது. அவர் குரல் காதுக்குள்ளேயே குடியிருக்கும்போது எப்படி முட்டுவார்கள்? கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும். வீட்டில் சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் ஒரு கார் வேகமாக வந்தால் இவருடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். “நம்ம வீட்டுத் தரைக்கு பிரேக் இல்லைங்க, ஓடு உடைஞ்சிடப்போகுது” என்பாள் மனைவி.

வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதைத் தாண்டி ஹை டென்ஷன் மின்கம்பிகளைத் தாங்கிக்கொண்டு ஒரு கோபுரம் நின்றது. தெருவில் எல்லோருக்கும் அது ‘டவர்’தான். “டவர் பக்கத்து வீடு” என்றால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு வந்து சேர்வார். மழை ஈரத்தில் கம்பிகள் ‘ங்ங்ங்’ என்று முனகும். மாஸ்டரின் மகள் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதி, வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். மனைவி மொட்டை மாடியில் தொட்டிகள் வைத்துப் பூச்செடி விற்றுக்கொண்டிருந்தாள். டவர் ஒருபக்கம், இவர்கள் ஒருபக்கம், காலம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் எதிர்வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற மனிதர். உலகத்தில் எங்கே யாருக்குத் தும்மல் வந்தாலும் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் சோறு இறங்காது. தெருவில் அவருக்குப் பெயர் வாட்ஸ்அப். ஒருநாள் அவர் மாஸ்டருக்கு ஒரு வீடியோ அனுப்பினார். மின்கம்பிக்குப் பக்கத்தில் வசித்தால் தலைவலி வரும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும், இன்னும் என்னென்னவோ வரும் என்று ஒரு குரல் பயமுறுத்தியது. மாஸ்டர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அடுத்த மாதம் அவருக்குத் தலைவலி வந்தது. தூக்கம் கெட்டது. எரிச்சல் ஏற்கெனவே இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, இவருக்கோ பேயை இரும்பிலேயே செய்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மகளிடமிருந்து செய்தி வந்தது. அவள் மாசமாக இருந்தாள். கணவனைக் கம்பெனி சில மாதங்களுக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிறது, குழந்தை பிறக்கும் வரைக்கும் அம்மா அப்பாவோடு வந்து இருக்கட்டுமா என்று கேட்டாள். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பின்னறையைக் காலி செய்து, தானே சுவருக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரையும் மாட்டினார்.

அப்போது அவரிடம் கார் ஓட்டப் படித்தவர்களில் ஒரு டாக்டரம்மா இருந்தார். முதல் நாளே இருவருக்கும் பாஷை முட்டிக்கொண்டது. “லெஃப்ட்ல ஒடிங்க மேடம்” என்று மாஸ்டர் கத்த, அந்த அம்மா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “எதை மாஸ்டர் ஒடிக்கணும்?” என்று கேட்டார். வண்டி நேராகப் போய்க் குப்பைத்தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நிறுத்தியது மாஸ்டரின் கால். “ஒடிக்கிறதுன்னா திருப்பறது மேடம். இதுகூடத் தெரியாதா?” என்றார் மாஸ்டர். தெரியாதுதான். அவரவர் தொழில் பாஷை அவரவருக்கு.

மாஸ்டரின் கண் சிவந்திருப்பதையும் அடிக்கடி பின்கழுத்தைப் பிடித்துக்கொள்வதையும் பார்த்த டாக்டரம்மா, ஒருநாள் பாடம் முடிந்ததும் கையோடு தன் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். வெளியே கூட்டம். ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

“மாஸ்டர், உங்களுக்கு ஹைப்பர்டென்ஷன் இருக்கு” என்றார்.

குழந்தை போட்ட கூச்சலில் நடுவில் இருந்த ‘ப்பர்’ எங்கோ விழுந்துவிட்டது. மாஸ்டர் காதில் சேர்ந்தது ஹை டென்ஷன்.

“தெரியும் மேடம். பல வருஷமா இருக்கு.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“என்ன மேடம் பண்றது, வீடு வாங்கும்போதே இருந்துச்சு.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “வீடு வாங்கினா எல்லாருக்கும் வர்றதுதான். இனிமே விடக்கூடாது. உப்பைக் குறைங்க. இந்த மாத்திரையை தினமும் போடுங்க. வீட்ல வேற யாராவது இருக்காங்களா?”

“பொண்ணு வர்றா மேடம். மாசமா இருக்கா.”

“அப்படின்னா அவங்க விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். மாசமா இருக்கும்போது இது தாக்கினா தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. விளையாட்டா எடுத்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாட்ஸ்அப் சொன்னால் வதந்தி. படித்த டாக்டரே கையைப் பிடித்துப் பார்த்துச் சொன்ன பிறகு? உப்பு எதற்கு என்றுதான் முதலில் பிடிபடவில்லை. யோசித்தார். உப்புத் தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாயும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அடேயப்பா, எவ்வளவு நுட்பமாகச் சொல்லியிருக்கிறார் என்று டாக்டரம்மா மேல் மதிப்பு இன்னும் ஏறியது. மாத்திரையை மட்டும் சட்டைப்பையில் போட்டுவைத்தார். கம்பி வெளியே நிற்கிறது, மாத்திரை வயிற்றுக்குள் போய் என்ன செய்யும்?

வழியிலேயே மகளுக்குப் போன் செய்தார். காரணத்தை விளக்கினால் பிள்ளைத்தாய்ச்சி பயந்துவிடுவாளே என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

“வீட்ல ஹை டென்ஷன்மா. நீ இப்ப வராதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அந்தப் பக்கம் “சரிப்பா” என்று மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி குதித்தாள். “என் செடியெல்லாம் அந்தக் கம்பியைப் பார்த்துத்தானே பூக்குது. ஒரு இலைக்குத் தலைவலி வந்திருக்கா?” என்று கேட்டாள். அவர் காதில் ஏறவில்லை. அவள் மகளுக்குப் போன் செய்து, “அப்பா சொன்னதை மனசுல வச்சுக்காதடி” என்றாள். “அப்பா சொன்னது சரிதான்மா. எனக்கும் அந்த டென்ஷன் இப்ப வேண்டாம்” என்று மகள் வைத்துவிட்டாள். சரி, இவளும் கம்பிக்குப் பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று அம்மாவும் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு மகள் போன் செய்வது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று.

மாஸ்டர் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். உப்பில்லாச் சாப்பாடு. உப்பில்லாச் சாப்பாட்டால் கூடுதல் கோபம். வெள்ளையடித்த பின்னறை பூட்டிக் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவைப் பார்ப்பார். வீட்டை விற்றுவிட்டால் மகள் வருவாள் என்று ஒரு தரகரிடமும் சொல்லிவைத்தார்.

இப்படியிருக்கும்போது ஒரு காலை டாக்டரம்மா ஊருக்கு வெளியே ஓட்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அதே ஹை டென்ஷன் கம்பிகள் சாலையைக் கடந்தன. மாஸ்டர் சீட்டில் நெளிந்தார்.

“மேடம், இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் வேகமா போயிடுங்க.”

மெதுவா, மெதுவா என்பதைத் தவிர அந்த வாயிலிருந்து வேறெதையும் கேட்டறியாத டாக்டரம்மா, அதிர்ச்சியில் பிரேக்கை அழுத்திவிட்டார். கார் சரியாகக் கம்பிக்குக் கீழே போய் நின்றது.

“ஐயோ, இங்கயா நிறுத்துவாங்க? நீங்கதானே மேடம் ஹை டென்ஷன் ஆபத்துன்னு சொன்னீங்க. மாசமா இருக்கிற பொண்ணைக்கூட வராதேன்னுட்டேன். வீட்டையே விக்கப்போறேன்.”

டாக்டரம்மா மேலே கம்பியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “மாஸ்டர், நான் சொன்னது ரத்தக் கொதிப்பு. பிபி. அதுக்கு எங்க பாஷையில ஹைப்பர்டென்ஷன்னு பேரு.” சட்டென்று சிரிப்பு நின்றது. “அப்போ மாத்திரை?”

மாஸ்டர் சட்டைப்பையைத் தொட்டார். அட்டை அப்படியே இருந்தது. அன்றைக்குத்தான் ஹாரன் மாஸ்டர் இன்னொருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். டாக்டரம்மா திட்டி ஓய்ந்த பிறகு மாஸ்டர் மெல்லக் கேட்டார், “அப்போ அந்தக் கம்பி ஒண்ணும் செய்யாதா மேடம்?”

“உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. குழந்தைங்க விஷயத்துல சில ஆராய்ச்சியில லேசா ஒரு சந்தேகம் உண்டு. கம்பிதான் காரணம்னு யாரும் நிரூபிக்கல. மனசு கேக்கலன்னா மின்சார ஆபீஸ்ல சொல்லி அளந்து பாருங்க. ஆனா பிபிக்கு மாத்திரை போடாம விட்டா என்ன ஆகும்னு நல்லாவே நிரூபிச்சிருக்காங்க. நீங்க நிரூபிக்க வேண்டாம்.”

மாஸ்டர் அங்கேயே, கம்பிக்குக் கீழேயே, தண்ணீர் குடித்து மாத்திரையை விழுங்கினார்.

மனசு கேட்கத்தான் இல்லை. மின்சார ஆபீஸ்காரர் ஒரு கருவியோடு வந்து மாடி, பின்னறை எல்லாம் அளந்தார். விதித்த அளவுக்கு வெகு கீழே இருக்கிறது என்றார். அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸிக்குப் பக்கத்தில் கருவியைக் காட்டியதும் முள் துள்ளியது. “அப்போ வீட்டை வச்சுக்கிட்டு மிக்ஸியை வித்துடலாமாங்க?” என்றாள் மனைவி. ஆபீஸ்காரர் சிரித்துவிட்டு, “மாடியில நீளமான இரும்புக் கம்பி எதையும் தூக்கிப் பிடிக்காதீங்க. நிஜ ஆபத்து அதுதான்” என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

மகளுக்குப் போன் செய்தார்கள். எடுக்கவில்லை. “போன்ல பேசினது போதும். வண்டியை எடுங்க” என்றாள் மனைவி. தலையில் ‘எல்’ போர்டோடு டிரைவிங் ஸ்கூல் கார் மகளுடைய ஊருக்குப் புறப்பட்டது.

கதவைத் திறந்த மகள் இளைத்திருந்தாள். வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. “வாங்க” என்றாளே தவிர முகம் மலரவில்லை. மாஸ்டர் நின்றபடியே கொட்டினார்.

“தப்பா புரிஞ்சுக்கிட்டேன்மா. அந்தக் கம்பியால ஒண்ணும் இல்லையாம். அளந்து பார்த்தாச்சு. நீ பயப்படாம வரலாம்.”

“எந்தக் கம்பி?”

“நம்ம டவர்தாம்மா. ஹை டென்ஷன் கம்பி. அதனாலதானே உன்னை வராதேன்னேன்.”

மகள் அவரையே பார்த்தாள். “டவரா?” என்றாள். “நான் உங்களைச் சொல்றீங்கன்னு நெனச்சேன்ப்பா.”

மாஸ்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“நம்ம வீட்ல டென்ஷன்னா அது நீங்கதானே. உங்க வண்டி சத்தம் கேட்டதும் நானும் அம்மாவும் டிவியை அணைச்சிட்டு ஆளுக்கொரு மூலையில உக்காந்துக்குவோம். குழந்தை வந்தா அழும், கத்தும். உங்களுக்குத் தாங்காது, அதை நேரா சொல்லாம இப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சேன். அழுதேன். அப்புறம், அந்தச் சத்தத்துல என் குழந்தை வளர வேண்டாம்னு நானும் முடிவு பண்ணிட்டேன்.”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மறுத்துச் சொல்லவில்லை என்பதுதான் மாஸ்டரைச் சுட்டது. இத்தனை வருஷம் ஒரு வீட்டில் குடியிருந்து, எந்தக் கம்பிக்குப் பயந்து யார் மூலையில் உட்கார்ந்தார்கள் என்றே தெரியாமல் இருந்திருக்கிறாரே. செருப்பு வைக்கும் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எனக்குப் பிபியாம்மா. இப்ப மாத்திரை போடறேன்” என்றார். மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, “ஆனா கத்தினது பிபி இல்ல. நான்தான். தப்பும்மா. உனக்கு ரூம் வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். நீ வந்து இரு. நான் கத்தினா அன்னிக்கே என்னை வெளியில அனுப்பிடு” என்றார்.

மகள் உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகுதான் பெட்டியை எடுத்தாள்.

திரும்பும்போது மாஸ்டர் ஓட்டினார். மகள் பின்சீட்டில். மனைவி முன்னால், மாஸ்டர் வழக்கமாக உட்காரும் இடத்தில். ஊர் எல்லை நெருங்கும்போது பைக்கில் வந்த ஒருவன் சிக்னல் காட்டாமல் குறுக்கே பாய்ந்தான். மாஸ்டர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மூச்சை இழுத்தார். கார் தானாக நின்றது. அவர் கீழே பார்த்தார். இரண்டாவது பிரேக் மேல் மனைவியின் கால் இருந்தது.

“இத்தனை நாள் இது இருக்கிறதே எனக்குத் தெரியாமப் போச்சே” என்றாள் அவள்.

பின்சீட்டில் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அந்தக் காரில் அவர் கேட்டதே இல்லை. தூரத்தில் டவர் தெரிந்தது.

“அப்பா, இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்மா” என்றார் ஹாரன் மாஸ்டர். அவள் முன்னால் குனிந்து, “என்னப்பா, கேக்கலையே?” என்று மறுபடி கேட்க வேண்டியிருந்தது.