பவளம் தியேட்டரின் ஒப்பரேட்டர்

சிங்கராசாவின் வீடு எது என்று மன்னார்ப் பட்டினத்தில் யாரைக் கேட்டாலும், "ஆர், ஒப்பரேட்டரோ?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பவளம் தியேட்டரில் படம் ஓட்டியவர் என்பது அவருடைய புகழ். தியேட்டர் போய் முப்பத்தைந்து வருசமாகிறது. கூரைத் தகரம் சண்டைக் காலத்தில் பங்கருக்குப் போனது. கதிரைகள் எந்தெந்த வீட்டுக்கோ போயின. மிஞ்சின சுவரை இடித்து, அந்தக் காணியில் நான் மூன்று மாடியில் ஹாட்வெயார் கடை கட்டியிருக்கிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தத் தியேட்டர் வாசலில் கச்சான் கடலை விற்றவன். இன்று பட்டம் படித்தவனுக்கும் சீமெந்து வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும்.

சிங்கராசா படம் ஓட்டிய லட்சணம் எனக்குத் தெரியும். வாசலில் நின்றவனுக்குத் தெரியாதா, மெஷின் அறை ஏணியில் ஏறுகிறவன் யார் என்று? சிங்கராசாவின் கையில் கொடுத்திருந்தது ஒரு ரோச் லைற். பிந்தி வருகிறவனுக்கு இடம் காட்டுவதும், சுருட்டுப் பற்றவைக்கிறவனின் முகத்தில் வெளிச்சம் அடிப்பதும்தான் உத்தியோகம். மெஷினை ஓட்டியவர் பவ்ஸான். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை மன்னார்த் தீவை விட்டுப் போகச் சொன்னபோது, அவரும் பெண்சாதி பிள்ளைகளோடு வள்ளம் ஏறிப் புத்தளம் பக்கம் போனார். விட்டுப்போன வீடுகளில் ஒருவர் கதவைக் கழற்றினார், இன்னொருவர் ஓட்டைக் கழற்றினார். சிங்கராசா நல்ல மனிதர், ஒரு ஆணியையும் தொடவில்லை. பவ்ஸானின் உத்தியோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதைச் சொல்லித்தான் தாழ்வுபாட்டுக் கிராமத்து லூசியாவைக் கட்டினார். லூசியா அந்தத் தியேட்டருக்கு எத்தனையோ தரம் வந்தவதான். ஆனால் ரோச் லைற் பிடிக்கிறவனின் முகத்தை இருட்டில் யார் கண்டது?

எங்கள் ஊரில் தவக்காலத்தில் காதல் படம் ஓடாது. ஆகவே தியேட்டர்காரர் யேசுவின் பாடுகளைக் காட்டும் பக்திப் படம் ஒன்றை எடுப்பிப்பார். சனம் கோயிலுக்கு வருவதுபோல வரும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தலையில் முக்காடு போட்டு, கையில் செபமாலையோடு இருக்கும். ஒரு வருசம், பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சியில், யேசுவைப் பிடித்துக்கொண்டு போன கையோடு திரையில் கல்லறை திறந்து ஆண்டவர் உயிர்த்துவிட்டார். றீல் மாறிவிட்டது. சிலுவையும் இல்லை, ஆணியும் இல்லை. சனம் திகைக்கவாவது செய்ததா? முன்வாங்கில் இருந்த லூசியா எழும்பி, தவக்காலத்தில் வாயில் எடுக்கக் கூடாத அல்லேலூயாவை எடுத்துவிட்டா. முழுத் தியேட்டரும் முழங்காலில் நின்று பாடியது. உயிர்த்த பிறகு படத்தில் என்ன மிச்சம் என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். சில வீடுகளில் ஒருசந்தி நோன்பை முறித்து ஆட்டிறைச்சியும் காய்ச்சினார்கள். அடுத்த ஞாயிறு பாதர் பிரசங்கத்தில் பிழிந்து எடுத்தார். அன்றிலிருந்து அவவுக்குப் பெயர் அல்லேலூயா லூசியா. நாற்பது வருசமாக மீன் சந்தையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இப்போது கிருஷாந்தன் என்று ஒரு சரித்திர வாத்தியார், தியேட்டர் இருந்த இடத்தில் நினைவுப் பலகை வைக்க வேண்டுமென்று என் சுவரைக் கேட்டார். தியேட்டர் ஓடினபோது பிறக்கவும் இல்லை, நினைவு மட்டும் நிறைய இருக்கிறது. படம் ஓட்டியவரின் பெயரும் அதில் வர வேண்டுமாம். சரி, ஒப்பரேட்டரையும் கடைக்கு வரச் சொல்லுங்கள், பேசுவோம் என்றேன். நேரத்தை வேண்டுமென்றுதான் காலை பத்து மணிக்கு வைத்தேன். பவ்ஸான் திரும்பி வந்து பழைய வளவில் வீடு கட்டுகிறார், பத்து மணிக்குச் சீமெந்து ஏற்ற வருவார். அது சிங்கராசாவுக்குத் தெரியாது.

சிங்கராசா இஸ்திரி போட்ட சேட்டோடு லூசியாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"முதலாளி, என்ர பேருக்கு முன்னால 'திரு' போடச் சொல்லுங்கோ."

"அந்த றீல் மாறின கதையையும் ஒருக்காச் சொல்லுங்கோ ஐயா," என்றார் கிருஷாந்தன்.

"அது நானில்லைத் தம்பி. எனக்கு அண்டைக்குக் காய்ச்சல். பவ்ஸான் ஓட்டினது. அந்தாளுக்கு எங்கட வேதம் எங்க தெரியும்?"

"தெரியாதுதான்," என்றது சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பவ்ஸான்தான். "அதுதான் றீலுகளை ஒழுங்கா அடுக்கி வச்சிட்டுப் போனனான். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் எங்க நிண்டிருப்பன் சிங்கராசா? ஜும்ஆத் தொழுகையில. 'அடுத்த றீலை மட்டும் போட்டுவிடு மச்சான், ஓடி வாறன்' எண்டு உன்னட்டைத்தானே சொன்னனான்? திரும்பி வந்து பாத்தா சனம் பாடிக்கொண்டு வெளிய வருது. உள்ளுக்குப் போய் மிச்ச றீலைப் போட்டுப் பாத்தா, வெறுங் கதிரையளுக்கு முன்னால யேசுவைச் சிலுவையில அறையிறாங்கள். ஏச்சு வாங்கினது நான்."

லூசியா புருசனின் பக்கம் திரும்பினா. கிருஷாந்தன் பேனையைத் திறந்தார்.

"ஐயா, அண்டைக்கு ஓட்டினது நீங்களோ, இல்லையோ?"

சிங்கராசா மனதுக்குள் கணக்குப் பார்த்தார். ஓம் என்றால் சுவரில் பெயர் வரும், ஆனால் பெண்சாதியைப் பார்த்துச் சந்தையைச் சிரிக்க வைத்தவரும் அவரேதான். இல்லை என்றால் வீட்டில் சோறு வரும், சுவரில் பெயர் வராது. அவர் சுவரைப் பார்த்தார். லூசியாவைப் பார்த்தார். திரும்பவும் சுவரைப் பார்த்தார்.

"ஓம், நான்தான் ஓட்டினனான்," என்றார். "ஆனா றீல் யாழ்ப்பாணத்தில இருந்தே மாறித்தான் வந்தது."

பவ்ஸான் மூட்டையில் சாய்ந்து சிரித்தார். லூசியா சிரிக்கவில்லை.

"நீங்கள் ஒருநாள் அந்த ஏணியில ஏறினதுக்கு, நான் நாற்பது வருசமா இறங்கேலாமல் நிக்கிறன்," என்றா. பிறகு வாத்தியாரிடம், "தம்பி, ரெண்டு பேரையும் எழுதுங்கோ. நான் சொல்லுறமாதிரி எழுதுங்கோ."

அவ சொன்னபடியே எழுதி வைத்தோம். பெயின்ற் என்னுடையது, கடையில் உள்ளதிலேயே திறமான சாமான், வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அசையாது. "பவளம் தியேட்டர் இங்கே இருந்தது. படம் ஓட்டியவர்: பவ்ஸான். ஒரு றீல் மட்டும்: திரு. சிங்கராசா."

பின்னேரங்களில் சிங்கராசா வந்து அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கிறார். சரியாக 'ஒரு றீல் மட்டும்' என்ற இடத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுத் தன் பெயரைக் காட்டுகிறார். சந்தையால் திரும்பும் லூசியா மீன் பையோடு நின்று தினமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகிறா:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. சனம் வாசிக்கட்டும்."