தூண்டில் இல்லாத கோடை

பங்குனி பிறந்துவிட்டால் யாங்கோனுக்கு வடக்கே உள்ள ஏரிகள் வற்றத் தொடங்கிவிடும். கரையோரச் சேறு காய்ந்து வெடிக்கும். போன மாதம் படகு கட்டிய முளை இந்த மாதம் தரையில் நிற்கும். எட்டு மணிக்கே தண்ணீரில் கை வைத்தால் சுடும். மீனெல்லாம் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஒன்பது மணிக்கு மேல் என்ன வித்தை காட்டினாலும் ஏறெடுத்துப் பார்க்காது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் இரண்டு கோடைக்கு முன்னால் உச்சிவெயில் வரை தூண்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்து சாகப் பார்த்தேன்.

காரணம் ஒரு விரால். ஏரியின் கிழக்குப் பக்கம் ஒரு வளைவு இருக்கிறது. மழைக்காலத்தில் அது ஏரியோடு சேர்ந்த ஒரு குடா. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். அந்தப் பச்சைக்கு அடியில்தான் அது இருந்தது. விராலுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்க வேண்டும். அப்படி வரும்போது முதுகைப் பார்த்திருக்கிறேன். என் முன்கை அளவுக்குக் குறையாது. மூன்று வருடமாக அதற்கு ரப்பர் தவளை போட்டேன், நிஜத் தவளை போட்டேன், கெஞ்சாத குறைதான். ஒரே ஒரு தடவை முள்ளை வாங்கியது. வாங்கிய வேகத்தில் கொடிக்குள் புகுந்து, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

அது அறுத்துக்கொண்டு போனது அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு, பத்தரை மணிக்கு. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். இன்று உன்னை விடுவதில்லை என்று சொல்லிக்கொண்டு வேறு முள் கட்டினேன். தொப்பி படகிலேயே கிடந்தது. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்திருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. கரையில் படகு வாடகைக்கு விடுகிற பர்மியர்தான் பிறகு சொன்னார். நான் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தேனாம். நிழலுக்கு இழுத்துப் போட்டு, தலையில் தண்ணீர் ஊற்றி, என் போனில் கடைசியாகப் பேசிய எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். அது என் மனைவியின் எண்.

நாங்கள் இருப்பது போட்டாதாங்கில், ஆற்றுப் படகுத்துறைக்குப் பின்னால். அங்கிருந்து ஏரிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவள் டாக்சி பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இருக்கிறேனா போய்விட்டேனா என்று தெரியாமல் அத்தனை நேரம் வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. டாக்சியில் வரும்போதே அம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம். அவர் பிழைத்து வந்தால், அடுத்த கோடை முழுக்க, மழை விழும் வரை, அவர் தூண்டில் போடமாட்டார் என்று. என்னைக் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் நான் இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேர்ந்துகொள்வது நீ, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது நானா என்று கத்தினேன்.

"நான் மட்டும் சும்மாவா இருக்கேன்?" என்றாள். "அந்தக் கோடை பூரா, மழை விழுற வரைக்கும் நான் மீன் சாப்பிடமாட்டேன்னும் வேண்டியிருக்கேன்."

அவள் காலை ஆகாரமே மொஹிங்காதான். தெருமுனையில் விற்கிற அம்மாள் மீனைக் கரைத்துக் கொதிக்கவைத்த குழம்பை நூடுல்ஸ் மேல் ஊற்றி, வாழைத்தண்டு போட்டுத் தருவார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. என் தூண்டிலுக்கு எதிரே அவள் தன் மொஹிங்காவை வைத்திருந்தாள். கணக்குப் பார்த்தால் அவள் விட்டதுதான் பெரிது. எனக்குத் தூண்டில் ஞாயிறுதோறும், அவளுக்கு மொஹிங்கா தினமும்.

போன கோடை வந்தது. தூண்டிலைப் பழைய வேட்டியில் சுற்றிப் பீரோவுக்கு மேல் வைத்தேன். ஆனால் ஏரியைப் பார்க்கக்கூடாது என்று வேண்டுதலில் இல்லையே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். யோசித்தாள். போகலாம், ஆனால் ஒன்பது மணிக்குக் கரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்றாள். என் போனை வாங்கி அவளே ஒன்பதுக்கு அலாரம் வைத்தாள். நான் சத்தியம் செய்தேன்.

முதல் பஸ்ஸில் கிளம்பி, மிங்கலாடோன் தாண்டி, விமான நிலையத்தின் வேலியைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் ஒரு மூன்று சக்கர வண்டியில் குலுங்கிப் போனால் ஆறே முக்காலுக்கு ஏரி. வெறுங்கையோடு போய் உட்கார்ந்தபோது முதல் வாரம் கை நமநமத்தது. இரண்டாம் வாரம் கண் திறந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். தூண்டில் கையில் இருக்கும்போது தக்கை இருக்கிற இடத்தைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. இப்போதுதான் தெற்குக் காற்று அடித்தால் கெண்டைகள் எந்தக் கரைக்கு ஒதுங்குகின்றன, விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை எப்படி வட்டம் போட்டுக் காக்கிறது, எந்த இடத்தில் அடியில் ஊற்று இருந்து தண்ணீர் குளிர்கிறது என்பதெல்லாம் தெரிந்தது. கிடங்கில் என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலமானால் "தண்ணி எப்படி?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் நல்ல இடத்தை மறைத்துச் சொல்வேன். போன கோடையில் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர்கள் என் பேச்சைக் கேட்டுப் போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். படம் அனுப்பினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

அந்த வருடம் வெயில் வழக்கத்தைவிடக் கடுமை. ஏரி இறங்க இறங்க, கிழக்கு வளைவுக்கும் ஏரிக்கும் நடுவே முதலில் சேறு தெரிந்தது, பிறகு அது தரையாகவே ஆகிவிட்டது. வளைவு தனிக் குட்டையாக நின்றது. வாரத்துக்கு வாரம் சுருங்கியது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு பார்த்தபோது, ஒரு வீட்டு முற்றம் அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். அதில் குமிழிகள். என் விரால் அதற்குள்தான் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திஞ்சான் முடிந்த மறுநாள் பர்மியருக்குப் புத்தாண்டு. அன்றைக்கு மீன் விடுவது அவர்களுடைய வழக்கம். வற்றும் குட்டைகளில் சிக்கிக்கொண்ட மீன்களைப் பிடித்துப் பெரிய தண்ணீரில் விடுவார்கள், புண்ணியம். கிழக்கு வளைவு மீன்களை இந்த வருடம் காப்பாற்றப் போகிறோம், ஆள் போதாது, நீங்களும் வாருங்கள் என்று படகுக்காரர் கூப்பிட்டார். என் உயிரைக் காப்பாற்றிய மனிதர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? இந்த ஒரு காரணத்துக்காகத்தான் போனேன் என்று சொன்னால் அது பொய்.

மனைவியிடம் வழக்கம்போல ஒன்பது மணி என்று சொல்லிவிட்டுப் போனேன். தொப்பி போட்டேன், இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்தேன். பையையும் போனையும் மரக்கிளையில் மாட்டிவிட்டுக் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். கிராமத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கூடையால் அள்ளினோம், கையால் தடவிப் பிடித்தோம். கெளுத்தி குத்தியது. பனையேறிக் கெண்டைகள் எங்களை நம்பாமல் தாங்களே தரையில் ஏறி நடந்துகொண்டிருந்தன. பிடித்ததையெல்லாம் பிளாஸ்டிக் தொட்டிகளில் தண்ணீரோடு போட்டு, இரண்டிரண்டு பேராக ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தது. கேட்டது. கேட்காததுபோல இருந்துவிட்டேன். விரால் இன்னும் கிடைக்கவில்லை.

பதினொன்றரை இருக்கும். குட்டையின் மூலையில், முழங்கால் ஆழச் சேற்றில், என் இரண்டு கைகளுக்கும் நடுவே ஏதோ ஒன்று திமிறியது. மரக்கட்டையோ என்று முதலில் நினைத்தேன். அமுக்கிப் பிடித்து மேலே தூக்கினேன். அதுதான். வாயின் இடது ஓரம் கிழிந்து, ஆறி, தழும்பாகியிருந்தது. என் முள் கிழித்ததுதானா என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன், ஆனால் எனக்குத் தெரியும். மார்போடு அணைத்துக்கொண்டேன். இத்தனை வருட ஆசை. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"அகோ, அங்க பாருங்க," என்றார் படகுக்காரர், மெல்லிய குரலில். அவர் என்னை அண்ணன் என்றும் என் மனைவியை அக்கா என்றும் எப்போதும் பர்மியில்தான் கூப்பிடுவார். "அமா வந்திருக்காங்க."

கரையில் குடையோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நான் போனை எடுக்கவில்லை. ஒன்பதேகாலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பிறகு கிளம்பிவிட்டாள். இரண்டாம் தடவையாக அதே சாலையில், அதே பயத்தோடு வந்திருக்கிறாள். நான் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. என்மேல் இருந்த சேறு போதாது, அந்தக் குட்டைச் சேறு அத்தனையிலும் புதைந்துவிடலாம் என்று தோன்றியது.

விராலைத் தொட்டியில் போட்டேன். மற்றவர்கள் எல்லோரும் வேறு தொட்டிகளோடு ஏரிப்பக்கம் போயிருந்தார்கள். படகுக்காரரும் கூடையோடு நகர்ந்துவிட்டார்; வேண்டுமென்றேதான் நகர்ந்தார். தொட்டியை ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்காகவா போன வருஷம் செத்துப்போகப் பார்த்தீங்க?"

"ஆமா," என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். விரால் ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது. அவள் எழுந்து குடையை மடக்கினாள். புடவையை இடுப்பில் செருகினாள். தொட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"தூக்குங்க. வெயில்ல அது என்ன பண்ணும், பாவம்."

விரத நாளில் மீன் வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவள். நாங்கள் இரண்டு பேரும் வெடித்த சேற்றில் தட்டுத்தடுமாறி ஏரி வரை தூக்கிக்கொண்டு போனோம். ஊற்று இருந்து தண்ணீர் குளிர்கிற இடம் எனக்குத் தெரியும் என்பதால் அங்கே போகலாம் என்றேன். வந்தாள். தொட்டியைச் சாய்த்தோம். விரால் உடனே போகவில்லை. அவள் குனிந்து, ஒரு விரலால் அதன் முதுகைத் தள்ளினாள். போயிற்று. பஸ்ஸில் வரும்போது கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மனிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். தூண்டில் போட்டீங்களா, இல்லையே, நான் சாப்பிட்டேனா, இல்லையே, அவளுக்குத் தெரியாதா என்றாள். ஒன்பது மணியைப் பற்றி அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகத்தான் பேசினேன். இனி ஒரு நாளும் இப்படி உன்னை வரவைக்கமாட்டேன் என்றேன். பார்க்கலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வைகாசியில் மழை விழுந்தது. அடுத்த நாள் காலையில் இரண்டு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டாள்.

இந்தக் கோடையில் மறுபடி தூண்டில் போடுகிறேன், அவளும் என்னோடு வருகிறாள். பாய், ஃபிளாஸ்க், குடை என்று ஒரு மூட்டையோடு வந்து மர நிழலில் உட்காருவாள். ஆரம்பத்தில் என்னைக் காவல் காக்கத்தான் வந்தாள். இரண்டு மூன்று வாரத்தில் குமிழியைப் பார்த்து அது கெண்டையா விராலா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். குழுவில் யாராவது தண்ணி எப்படி என்று கேட்டால் இப்போது அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு சரியாக ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தது. அதே நேரம் கொடிக்குப் பக்கத்தில் தண்ணீர் சுழித்தது, பெரிய சுழிப்பு. அவள் பாயிலிருந்து பாதி எழுந்து நின்றாள்.

"மணி ஆச்சு," என்றேன்.

"தெரியும். இருங்க."

நான் தூண்டில் நரம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மிங்கலாடோன் வரும் வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை.