நாலாவது பிங்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் தேவாரம் படிப்பார்கள், திருநீறு பூசுவார்கள், அதோடு சரி. அதுவும் நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பதுதான் என் பிழைப்பே. நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தச்சநல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் அருளப்பன் தங்கியிருந்தான். உவரிக் கடற்கரைக்காரன், கல்லூரியில் என்னோடு படித்தவன், டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருவரும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்கி, இரண்டையும் வயரால் இணைத்து, என்னுடையதற்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டினோம். அதற்குப் பெட்டி கிடையாது, வெறும் மென்பொருள், ஆனால் தன்னை நிஜம் என்றே நினைத்துக்கொண்டு ஓடும். பொய்ப்பெட்டி என்று பெயர் வைத்தோம். டெலிபோன் வழியாக இன்டர்நெட் பிடிக்கிற மோடம் அருளின் கம்ப்யூட்டரில் இருந்ததால், பொய்ப்பெட்டி வெளியே போக அவன் கம்ப்யூட்டர்தான் வாசல். அதற்கு 'அருள்' என்று தன் பெயரையே வைத்திருந்தான்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு, கோபமாக வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். இரண்டாவது தடவையும் கல் மாதிரி இருப்பான். மூன்றாவது தடவைதான் "ஏன்?" என்பான். காது செவிடா என்று ஒருநாள் கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே, "எங்கம்மா சொல்லி வளத்ததுலே. கடல் ரெண்டு தடவதான் கூப்பிடுமாம். மூணாவது தடவ கூப்பிட்டா அது மனுசன்" என்றான்.

ஐப்பசியில் ஒரு இடி இறங்கி அவன் கம்ப்யூட்டர் புகைந்து போனது. தப்பிய மோடத்தை என்னுடையதில் மாட்டினோம். எனக்கு இன்டர்நெட் வந்தது, பொய்ப்பெட்டிக்கு மட்டும் வரவே இல்லை. வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அருள் ஊருக்குப் போனான். அங்கே அவன் அண்ணன் சவரிமுத்துவுக்குப் படகில் கூடப்போக ஆள் வரவில்லை, இவன் ஏறிப் போயிருக்கிறான். அன்று வெள்ளிக்கிழமை, ராத்திரி பெருங்காற்று. சனிக்கிழமை சாயங்காலம் உவரியிலிருந்து போன் வந்தது, படகு திரும்பவில்லை, அண்ணன் தம்பி இரண்டு பேரையும் தேடுகிறார்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உவரிக்கே போயிருக்கலாம், ஆனால் போய் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு ஒரே லைன், இன்டர்நெட்டைப் போட்டால் போன் வராது என்று மோடத்தின் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கிப் போட்டுவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியுலகத்தோடு அந்த அறைக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

கை சும்மா இருந்தால் மனது கண்டதையும் நினைக்கும். அதனால் பொய்ப்பெட்டியைத் திறந்து என்னதான் கோளாறு என்று பார்த்தேன். கோளாறு அற்பமானது. வாசலை நாங்கள் மாற்றவே இல்லை. அவன் கம்ப்யூட்டர் எரிந்துபோன பிறகும் பொய்ப்பெட்டி வெளியே போக வழி கேட்டு அருளையே தேடிக்கொண்டிருந்திருக்கிறது. ஏனோ எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிங் என்று ஒரு கட்டளை உண்டு. அடுத்த கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று நாலு தடவை கூப்பிட்டுப் பார்க்கும், இருந்தால் பதில் வரும். எதற்காகச் செய்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. 'பிங் அருள்' என்று அடித்தேன். உச்சி வெயில் நேரம்.

முதல் வரி, பதில் இல்லை. இரண்டாவது வரி, பதில் இல்லை. மூன்றாவது வரியில் 'அருளிடமிருந்து பதில்' என்று வந்தது. நாலாவதிலும் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். அருளின் கம்ப்யூட்டர் மூலையில் மூடி கழற்றிக் கிடந்தது, கரண்டும் இல்லை, வயரும் இல்லை. மறுபடி அடித்தேன், நாலு வரியும் பதில் இல்லை. நூறு தடவையாவது அடித்திருப்பேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. என்ன காரணம் என்று இன்றுவரை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பொழுது சாயும்போது போன் வந்தது. அருளப்பனை வேறு ஊர் வள்ளக்காரர்கள் தங்கள் படகில் தூக்கிக் கரை சேர்த்துவிட்டார்கள். சவரிமுத்து கிடைக்கவில்லை.

அருள் வந்தது ஒரு மாதம் கழித்து. நான் எதையும் சொல்லவில்லை, சொல்லவும் பயமாக இருந்தது. காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவனே பைய ஆரம்பித்தான். படகு கவிழ்ந்ததும் அண்ணன் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். இரண்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயில் ஏறி, கண் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"உன் சத்தம்தாம்லே. அருளு, அருளுன்னு ரெண்டு தடவ. நான் வாயத் தொறக்கல. மூணாவது தடவ கூப்பிட்டதும் உசுரக் குடுத்து, ஏன்னு கத்துனேன். அந்தச் சத்தத்துலதான் வள்ளக்காரங்க திரும்பிப் பாத்திருக்காங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம் கூப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"இன்னொரு தடவ கூப்பிட்ட. அதுக்கு நான் பதில் சொல்லலைலே, தெம்பு இல்ல."

வாசலை மாற்றியதும் பொய்ப்பெட்டிக்கு இன்டர்நெட் வந்துவிட்டது. இப்போதும் தினமும் எத்தனையோ கம்ப்யூட்டர்களை பிங் செய்கிறேன், மூன்றாவது பதில் வந்ததும் நிறுத்திவிடுவேன், நாலாவதைப் பார்ப்பதில்லை. வருஷம் இத்தனை ஆகியும், மூத்த மகன் கரை ஏறி வந்துவிடுவான் என்று அருளின் அம்மா பின்கதவைத் தாழ்போடுவதில்லை. அன்று அருள் பதில் சொல்லாத அந்த நாலாவது வரியிலும் பதில் வந்ததை அவர்கள் இருவரிடமும் நான் சொல்லவே இல்லை.