டிவி கம்பியில் ஈரக் கைலி

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் டிவி வாங்கிய எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: மலையில் கீழே இருக்கும் ரிங்லெட் டவுன் கடைக்காரரா, மேலே இருக்கும் பிரிஞ்சாங் டவுன் கடைக்காரரா? ரிங்லெட்காரர் மேட்டு உச்சியில் உயரமாக ஒரே ஓர் ஏரியலை நட்டு, அங்கிருந்து வீட்டுக்கு வீடு கம்பி இழுத்துக் கொடுத்தார். மாதா மாதம் காசு கட்ட வேண்டும். பிரிஞ்சாங்காரர் உங்கள் கூரையிலேயே மீன் முள் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டுப் போவார். அதோடு சரி. காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும், படம் இரண்டாகத் தெரியும், நாம்தான் ஏறிச் சரிசெய்ய வேண்டும்.

நான் கம்பியை எடுத்தேன். எதிர்வீட்டு அண்ணன், தேயிலைத் தொழிற்சாலையில் என் கணவரோடு வேலை செய்தவர், கூரை ஏரியலை எடுத்தார். மழையில் அவர் ஏணியில் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு தாங்காது. சம்பளத்துக்கு ஏறுகிறீர்களா, சும்மாவா என்று வாசலில் நின்று கேட்பேன். அவர் கோபப்பட்டதே இல்லை. வாய்க்கொழுப்பு எனக்கு அப்போது கொஞ்சம் அதிகம்தான்.

கம்பியில் ஒரே ஒரு தொல்லை. எங்கள் ஊர்ப் பனியில் துணி காய்வது குதிரைக் கொம்பு. இரண்டு கம்பத்துக்கு நடுவே எது தொங்கினாலும் லயத்துப் பெண்களுக்கு அது துணி காயப்போடும் கொடிதான். ஈரத் துணியைப் போட்டால் கம்பி தொய்ந்து படம் போய்விடும். போடாதீர்கள், போடாதீர்கள் என்று கத்தியே என் தொண்டை வறண்டது.

ஒரு தீபாவளிக்கு என் தம்பி டிவியில் வருவதாக இருந்தது. கோலாலம்பூருக்குப் போய் மூன்று வருடமாக வீட்டுப் பக்கமே வராதவன், காலை நிகழ்ச்சியில் தபேலா வாசிக்கிறான். ஒரே தடவைதான் காட்டுவார்கள். விட்டால் விட்டதுதான். எங்கள் வீட்டில் கண்ணாடி மாதிரி தெரியும், வந்து பாருங்கள் என்று பாதி லயத்தை அழைத்து வைத்திருந்தேன்.

அறிவிப்பாளர் வாயைத் திறந்ததுமே திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. எவளோ துணி போட்டுவிட்டாள் என்று திட்டிக்கொண்டே பின்பக்கம் ஓடினேன். கம்பி இணைப்பில் பிய்ந்து தரையில் கிடந்தது. அதன்மேல் என் கணவரின் கைலி. விடிகாலை எண்ணெய்க் குளியல் அவசரத்தில் பிழிந்து வீசியது நானேதான். அவமானத்தில் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எதிர்வீட்டு அண்ணனின் மனைவி, அந்த அக்காதான் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அழுதது போதும் லா. வாங்க, எங்க வீட்ல பாக்கலாம்."

அங்கேயும் படம் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே காற்றும் மழையும். அண்ணன் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மங்கலாக, இரண்டு தலையோடு என் தம்பி வந்தான். இளைத்திருந்தான். மீசை வைத்திருந்தான். தெரிகிறதா என்று கூரையிலிருந்து குரல் வந்தது.

"தெரியுது அண்ணே, அப்படியே பிடிச்சுக்குங்க" என்று கத்தினேன். பாட்டு முடியும்வரை அவர் பிடித்துக்கொண்டே நின்றார்.

இறங்கி வந்தபோது தீபாவளிப் புதுச்சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. துண்டை நீட்டினேன். தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"தம்பி நல்லா வாசிச்சானா?"